தாய் இருக்கப் பிள்ளை அநாதையா?

காப்பாற்றுவார் எவருமின்றித் தெருவில் நிற்கும் பிள்ளையைச் சுட்டவே 'அநாதை' என்ற சொல் நம் மொழியில் வழங்கிற்று. இன்று கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் அச்சொல்லின் பொருள் திரிந்துவிட்டது. தேயிலை மலையிலே கொழுந்து பறிக்கும் தாய் இருக்கிறாள், லயத்துக் காம்பராவிலே நோயாளித் தகப்பன் இருக்கிறான், பாட்டி இருக்கிறாள், அண்ணன் இருக்கிறான். இத்தனை பேரும் உயிரோடிருக்க, பிள்ளை மட்டும் பட்டணத்து இல்லமொன்றில் அநாதை என்ற பெயரோடு வளர்கிறது. இது எவ்வாறு நேர்ந்தது? யாரால் நேர்ந்தது? இவ்வினாவைத் தமிழ்ப் பெருமக்கள் முன் வைக்கவே இதனை எழுதுகிறோம்.

இது எமது கற்பனையன்று. உலகெங்கும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுள் ஐவரில் நால்வருக்காவது தாயோ தகப்பனோ இருவருமோ உயிருடன் இருக்கின்றனர் என்று 'சேவ் த சில்ரன்' அமைப்பு 2009ஆம் ஆண்டில் அறிவித்தது. இலங்கை இதற்கு விலக்கன்று. நம் நாட்டு இல்லங்களைப் பற்றி அதே அமைப்பு 2005இல் வெளியிட்ட ஆய்வும், பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த முதன்மையான காரணம் வறுமை என்றே காட்டிற்று. பெற்றோரின் மரணம் அன்று, வறுமை! வறுமைக்கு மருந்து கூலியும் காணியும் வீடும் பள்ளிக்கூடமும் ஆகும். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பது வறுமைக்கு மருந்தாகாது. இதுவே நாம் சொல்ல வந்தது.

கிறிஸ்தவத் தொண்டரைத் தூற்றுவது எமது நோக்கமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் மக்கள் மலைநாட்டுக்கு வந்த பாதை பிணங்கள் விழுந்த பாதை. மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளைக்கு நடந்த கோப்பிக் காலத்துக் கூட்டங்களில், வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் எண்ணற்றோர். அவர்கள் விட்டுப்போன பிள்ளைகளைப் பற்றிக் கவலை கொண்டோர் மிகச் சிலர். அச்சிலருள் கிறிஸ்தவ ஊழியர் முன்நின்றனர் என்பதை நேர்மையுள்ள எவரும் மறுக்கார். 1850களின் நடுவில் சேர்ச் மிஷன் சங்கத்தார் கண்டியைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளரிடையே ஒரு மிஷனைத் தொடங்கினர். 'தமிழ்க் கூலி மிஷன்' என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர். பெயர் நம் செவியைச் சுடுகிறது. ஆயினும், தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்க அன்று மலையேறிய உபதேசியார் அந்த மிஷனின் ஆள்தான். பின்னர் கத்தோலிக்கக் கன்னியரும் மெதடிஸ்த சபையாரும் இரட்சணிய சேனையாரும் மலைநாட்டில் தொண்டாற்றினர். ஊரார் கதவடைத்த இரவில் ஒரு கைக்குழந்தையை ஏற்றுக் கொண்ட கன்னியர்மடத்தின் கதவை நாம் வணங்குகிறோம்.

ஆனால் அன்றே ஒரு முரண்பாடு விதைக்கப்பட்டது. அந்த மிஷனுக்குச் சந்தாப் பணம் கொடுத்தவர்களுள் தோட்டத் துரைமாரும் இருந்தனர். ஒரு கையால் உபதேசியாருக்குச் சந்தா. மறு கையால் துண்டு முறையும் கடன் கணக்கும் அரைப்பேரும். தொழிலாளிக்குரிய கூலியை முழுமையாகக் கொடுத்திருந்தால் அவன் பிள்ளைக்குத் தருமம் வேண்டியிருந்திருக்குமா என்ற வினாவை அந்தச் சந்தாப் பட்டியலில் எவரும் எழுதிவைக்கவில்லை.

நுவரெலியாவில் பெயின்டர் குடும்பத்தார் நடத்திய இல்லத்தின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். வெள்ளைத் துரைமாருக்குத் தோட்டத்துப் பெண்களிடம் பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கு அவ்வில்லம் புகலிடம் கொடுத்தது. இந்தியாவிலே, கலிம்பொங்கில், ஸ்கொத்லாந்துப் பாதிரியார் கிரகாம் 1900ஆம் ஆண்டில் தொடங்கிய இல்லமும் தேயிலைத் துரைமாரின் இத்தகைய பிள்ளைகளுக்காகவே எழுந்தது. இவர்கள் அநாதைகளா? தகப்பன் பங்களாவிலே விருந்துண்டு கொண்டிருந்தான். தாய் மலையிலே கூடை சுமந்து கொண்டிருந்தாள். தகப்பனின் மானத்தைக் காக்கப் பிள்ளையை அநாதையாக்கினார்கள். அந்தப் பிள்ளைகளை அணைத்துக் கொண்ட பெயின்டர் குடும்பத்தார் போற்றத்தக்கவர்கள். அவர்களை அணைக்க வேண்டிய நிலையை உண்டாக்கிய தோட்ட முறை போற்றத்தக்கதா?

அக்குடும்பத்திற் பிறந்த ஓவியர் டேவிட் பெயின்டர் (1900–1975) கண்டி திரித்துவக் கல்லூரி ஆலயத்தின் சுவர்களில் தீட்டிய ஓவியங்களுள் ஒன்று நல்ல சமாரியனின் கதையைச் சொல்வது. கள்வரால் அடிபட்டு வழியிற் கிடந்தவனைச் சமாரியன் எடுத்துச் சென்று சத்திரத்தில் சேர்த்தான். சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். கிறிஸ்தவ அன்பர்கள் நன்கறிந்த இக்கதையில் ஒன்றை அவர்கள் கவனிக்க வேண்டுகிறோம். அடிபட்டவன் சத்திரத்தில் இருந்தது காயம் ஆறும் மட்டும். ஆறியதும் அவன் போக வேண்டிய இடம் அவனுடைய வீடு. கண்டியைச் சூழ்ந்த இல்லங்களும் சத்திரங்களே. அங்கே ஐந்து வயதிற் புகுந்த பிள்ளை பதினெட்டு வயதிற் புறப்படுமானால், அப்பிள்ளைக்கு வீடு எங்கே?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் இன்னொரு கூட்டத்தாருக்கு விடையளிக்க வேண்டியிருக்கிறது. "பாதிரிமார் சோறு காட்டி மதம் மாற்றுகிறார்கள்" என்று மேடைதோறும் முழங்குவோரைக் குறிப்பிடுகிறோம். 2003ஆம் ஆண்டில் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் தங்கள் சபையைச் சட்டபூர்வமாகக் கூட்டிணைக்க ஒரு சட்டமூலம் கொண்டுவரச் செய்தனர். குழந்தைக் காப்பகம், முதியோர் இல்லம், அநாதை இல்லம் ஆகியவற்றை நடத்துவதும் சமய அறிவைப் பரப்புவதும் அதன் நோக்கங்களுட் கூறப்பட்டிருந்தன. தொண்டும் சமயப் பரப்பலும் ஒன்றுசேர்வது அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அக்கன்னியரின் வாதத்தைக் கேளாமலே தீர்மானித்தது. அவர்கள் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டனர். அவர்களின் சமய சுதந்திரமும் சட்டத்தின் முன் சமத்துவமும் மீறப்பட்டன என்று 2005 ஒக்டோபரில் அக்குழு முடிவு கூறிற்று. பௌத்த சமயத்துக்கு முதலிடம் கொடுக்கும் அரசியலமைப்பின் கீழ் இன்று கன்னியருக்கு நேர்ந்தது நாளை சைவத் தொண்டருக்கும் நேராது என்று எவர் பிணை நிற்பார்? ஆகவே, மதமாற்றக் கூச்சலில் தமிழர் சேர்வது தம் கண்ணைத் தாமே குத்திக்கொள்வதாகும்.

மிஷனரிமாரை வாதத்தில் எதிர்த்துநின்ற தமிழருள் ஆறுமுக நாவலரினும் பெரியார் இலர். அவர் என்ன செய்தார்? கண்டனம் எழுதியதோடு நின்றாரில்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1870களில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். அவர் வழியிலே பின்னாளில் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் இராமகிருஷ்ண மிஷனாரும், தெல்லிப்பழையில் துர்க்காதேவி தேவஸ்தானத்தாரும் ஏழைப் பிள்ளைகளை ஏற்று வளர்த்தனர். இவ்வாறு உழைத்தவருக்கு மிஷனரியை எதிர்த்துப் பேசும் உரிமை உண்டு. ஒரு பிடி அரிசியும் கொடாதவருக்கு அவ்வுரிமை எங்கிருந்து வந்தது?

இன்னும் சொல்வோம். மலைநாட்டுப் பிள்ளையை ஏற்றுக்கொண்டது கன்னியர்மடம் மட்டுமன்று. நகரத்துக் கனவான்களின் அடுக்களைகளும் ஏற்றுக்கொண்டன! சட்டத்தரணி வீட்டிலும் வைத்தியர் வீட்டிலும் வணிகர் வீட்டிலும் பாத்திரம் துலக்கியவள் தோட்டத்துச் சிறுமி. 2021 ஜூலையில், டயகமத் தோட்டத்துச் சிறுமியொருத்தி, கொழும்பிலே முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைக்கு இருந்தவள், தீக்காயங்களோடு மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு உயிர் துறந்தாள். அவளுக்கு வயது பதினாறு. நாடு சில வாரங்கள் அழுதது, பின்னர் மறந்தது. வேலைக்கு அமர்த்தக்கூடிய வயது பதினாறாக உயர்த்தப்பட்டதும் அவ்வாண்டில்தான். மடத்துக்குப் போன பிள்ளை செபம் கற்றதென்று பதறும் கனவான்கள், அடுக்களைக்குப் போன பிள்ளை என்ன கற்றதென்று என்றேனும் கேட்டதுண்டா?

இனி, நாம் மதிக்கும் தொண்டரிடமே சில சொற்கள். இல்லத்தில் வளரும் பிள்ளைக்குச் சோறும் சீருடையும் கிடைக்கின்றன, மெய். ஆனால் அது இழப்பது என்ன? யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிஷனார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய விடுதிப் பாடசாலைகளில், கடல்கடந்த ஊரிலிருந்து பணமனுப்பிய கொடையாளரின் பெயரையே பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. பெற்றவள் இட்ட பெயர் போய், பணம் கொடுத்தவரின் பெயர் வந்தது. இன்று அவ்வழக்கம் இல்லை. ஆனால் பெயரினும் பெரிய இழப்பு மொழி. சிங்களம் மட்டுமே வழங்கும் இல்லத்தில் தமிழ்ப் பிள்ளையைச் சேர்த்தால், சில ஆண்டுகளில் அப்பிள்ளை தன் தாயோடு பேச மொழியின்றி நிற்கும். விடுமுறையில் லயத்துக்கு வரும் மகனும் மகளும் தாயின் முகத்தைப் பார்த்து ஊமையராய் இருப்பதினும் கொடிய அநாதைத்தனம் வேறுண்டோ? எந்தச் சமயத்தார் நடத்தும் இல்லமாயினும், தாய்மொழியையும் தாயின் சமயத்தையும் உடன்பிறந்தாரின் உறவையும் பறிக்குமாயின், அது தொண்டென்ற பெயருக்கு உரியதன்று.

அநாதையை ஆக்குவோர் யாவர் என்ற முதல் வினாவுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு அந்நாட்டுக் கடவுச்சீட்டு, மற்றொருவருக்கு இந்நாட்டுக் குடியுரிமை! மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் அன்று எழுந்த ஓலத்தை மலைநாட்டார் இன்றும் மறந்திலர். எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல். ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின்! வாக்கில்லாதவனின் பிள்ளைக்காக எந்த மந்திரி பள்ளிக்கூடம் கட்டுவான்? நாட்டின் மற்றைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான்.

அதே 1970களில், பங்கீட்டு உணவு குறைந்து தோட்டத்தில் வேலைநாளும் குறைந்தபோது, 1973, 1974ஆம் ஆண்டுகளில் மலைநாட்டில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. கண்டித் தெருக்களில் தோட்டத்துத் தாய்மார் பிள்ளைகளோடு கையேந்தி நின்றனர். பின்பு காணிச் சீர்திருத்தத்தின் பெயரால் கண்டி மாவட்டத் தோட்டங்களிலிருந்து பலர் விரட்டப்பட்டனர். அந்த ஆண்டுகளில் இல்லங்களின் வாசலுக்கு வந்த பிள்ளைகளை அங்கே அனுப்பியது விதியா, அரசாங்கமா?

மண்ணிலே உண்மையாகப் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கதையும் இதுவே. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மலை சரிந்து மூடிற்று. காலையிற் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானதென்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மாற்றுக் காணியும் வீடும் காலத்திற் கொடுத்திருந்தால் அப்பிள்ளைகள் அநாதைகளாகியிரார். 2025 நவம்பரில் டிட்வாப் புயலின் மழையில் கண்டி மாவட்டத்து மலைகளும் சரிந்து வீடுகளை மூடின. ஒவ்வொரு சரிவின் பின்னும் கண்ணீர் விடுகிறார்கள். பாதுகாப்பான காணி மட்டும் கொடுக்கிறார்களில்லை.

கூலியின் கதையை எல்லோரும் அறிவர். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்காக முழங்கி 2021இல் நிறைவேறிற்று. 2022இல் ரூபா வீழ்ந்தபோது அந்த ஆயிரத்தின் பெறுமதி ஏறக்குறையப் பாதியாயிற்று. 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வெளிவந்தது 2024இல். இடைப்பட்ட காலத்தில் அரிசி விலை காத்திருந்ததா? கூலி போதாத தாய் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போகிறாள். பிள்ளை இல்லத்துக்குப் போகிறது. தேயிலையும் நாட்டுக்கு அந்நியச் செலாவணி. தாயும் அந்நியச் செலாவணி. பிள்ளை மட்டும் அநாதை!

அநாதை என்ற சொல்லை வைத்து வாணிகம் நடந்ததையும் மறப்பதற்கில்லை. 1980களில் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். பெற்ற தாய் உயிரோடிருக்க, போலித் தாய்மாரை நிறுத்தியும் பொய்ப் பத்திரம் எழுதியும் குழந்தைகள் கைமாறிய கொடுமையை 2017இல் ஒல்லாந்துத் தொலைக்காட்சி வெளிக்கொணர்ந்தது. 2021இல் ஒல்லாந்து அரசின் விசாரணைக் குழுவும் வெளிநாட்டுத் தத்தெடுப்பில் முறைகேடுகள் மலிந்திருந்ததை உறுதிசெய்தது. ஏழைத் தாயின் கைநாட்டு எவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்பதை அவ்வாணிகம் உலகுக்குக் காட்டிற்று.

வேறு வழி இல்லையா? உண்டு. கண்டியிலேயே அவ்வழியைக் காட்டியவர் ஒரு கிறிஸ்தவத் துறவி. இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தை நிறுவினார். தமிழரும் சிங்களவரும் ஒன்றாயிருந்து உழைத்த அந்நிலையம், தோட்டத் தொழிலாளியின் கூலியையும் குடியுரிமையையும் பற்றி ஆராய்ந்து, எழுதி, வாதாடிற்று. பிள்ளையின் பசியைப் பார்த்தவர் தாயின் சம்பளத்தைப் பற்றிக் கேட்டார். தொண்டு நீதியாக வளரும் முறை இதுவே.

வடக்கே இன்னொரு சான்று. தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டும் 1977 கலவரத்தில் அடிபட்டும் வந்த மலைநாட்டுக் குடும்பங்களுக்காக, வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வவுனியாவைத் தளமாகக் கொண்டு காந்தியம் இயக்கத்தை நடத்தினர். அவர்கள் பிள்ளைகளைப் பிரித்தெடுத்து இல்லம் கட்டவில்லை. குடும்பம் முழுவதையும் காணியிற் குடியேற்றிக் கமம் செய்ய வைத்தனர். குடியேற்றங்களிற் சிறுவர் பள்ளிகளைத் திறந்தனர். ஒருவர் வைத்தியர், ஒருவர் கட்டடக் கலைஞர், பக்கத்துணை நின்றது மண். 1983 ஏப்ரலில் அவர்களைச் சிறைப்பிடித்தார்கள்; ஜூலையில் வெலிக்கடையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். ஏழைத் தமிழ்ப் பிள்ளை தன் குடும்பத்தோடு தன் காணியில் வாழ்வதை இந்நாட்டு ஆட்சி எவ்வளவு அஞ்சிற்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டா.

ஆகவே கேட்கிறோம். அரசாங்கத்திடம் முதலாவது கோரிக்கை: வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு எப்பிள்ளையையும் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகளும் இதனையே கூறுகின்றன. அநாதை இல்லங்களைப் பதிவுசெய்ய 1941ஆம் ஆண்டிலேயே கட்டளைச்சட்டம் செய்த நாடு, பிள்ளையைத் தாயோடு வைத்திருக்கச் சட்டமும் பணமும் ஒதுக்கட்டும். இல்லத்தில் ஒரு பிள்ளையை வளர்க்க ஆகும் செலவை அத்தாயின் கையிற் கொடுக்கட்டும். இரண்டாவது: ஒவ்வொரு தோட்டத்திலும் பிள்ளைமடுவம் பயிற்சி பெற்றவரின் பொறுப்பில் செவ்வனே இயங்கட்டும், உயர்வகுப்புப் படிக்கப் பட்டணத்துக்கு வரும் பிள்ளைக்குப் பாடசாலை விடுதி இருக்கட்டும். படிப்பதற்காகப் பிள்ளை அநாதை வேடம் பூண வேண்டிய இழிவு ஒழியட்டும்.

மிஷன் இல்லத்தாரிடம் கேட்பது: பெற்றோர் உள்ள பிள்ளையை வீடு திரும்பும் நாள் குறித்தே ஏற்றுக்கொள்ளுங்கள். தாய் வந்து பார்க்கப் பேருந்துச் செலவைக் கொடுங்கள். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் கற்பியுங்கள். வெளிநாட்டு அன்பரிடம் பணம் கேட்கும்போது, "ஓர் அநாதையை வளர்க்கத் தாருங்கள்" என்பதை விடுத்து, "ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைக்கத் தாருங்கள்" என்று கேளுங்கள்.

தமிழ்ச் சட்டத்தரணிகளே, பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இன்றி அலையும் தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கட்டணமின்றி உதவ மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். வைத்தியர்களே, லயங்களுக்கு ஏறிச் செல்லுங்கள். தகப்பனின் நோயைத் தீர்த்தால் பிள்ளையின் அநாதைத்தனமும் தீரும். ஆசிரியர்களே, பள்ளிக்கு வராத பிள்ளை எங்கே போயிற்று என்று விசாரியுங்கள். கமக்காரப் பெருமக்களே, அறுவடை முடிந்ததும் கோயிலுக்கு நெல் அளக்கும் நம் வழக்கத்தில், மலைநாட்டுத் தாய் ஒருத்திக்கும் ஒரு மூட்டை அளந்து வையுங்கள். அது பிச்சையன்று, நம் மேசையிலுள்ள தேநீருக்கு நாம் கொடாத விலையின் மிச்சம்.

இத்தனையும் செய்தபின் கண்டியிலே அநாதை இல்லங்கள் வெறுமையாகக் கிடக்குமானால், அதனைக் கண்டு முதலில் மகிழ்வோர் உண்மைத் தொண்டராகவே இருப்பர். அந்நாள் வரும்வரை, தாய் இருக்க ஒரு பிள்ளையை அநாதை என்று எழுதும் ஒவ்வொரு பதிவேடும் இந்நாட்டு அரசாங்கத்தின் மீதும் தோட்ட முதலாளிகள் மீதும் வாளாவிருக்கும் தமிழ்ச் சமுதாயத்தின் மீதும் எழுதப்பட்ட குற்றப்பத்திரமே என்று நாம் சாற்றுகிறோம்.